நிற்கத் தெரிந்த பம்பு

மணலி புதுநகரில் நம் இல்லத்து வாயிலில், வேப்பமர நிழலில், 1982ஆம் ஆண்டுப் பிரிமியர் பத்மினி கார் ஒன்று நிற்கின்றது. தெருவில் எவரும் அதனைப் பத்மினி என்று அழைப்பதில்லை. ‘பியட்’ என்பதே அதற்கு வழங்கும் பெயர். எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற நம் தந்தையார், தமக்குக் கிடைத்த சேமநிதிப் பணத்தில் 1986இல் அதனை வாங்கினார். புதிய கார் வேண்டுமாயின் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. ஆகையால் நான்கு ஆண்டு ஓடிய வண்டியே அவருக்குப் புது வண்டியாயிற்று.

தந்தையார் மறைந்தபின் அதனை விற்றுவிடும்படி பலரும் சொன்னார்கள். சொன்னவர்கள் மீது குறையில்லை. பம்பாய் நகரின் அடையாளமாகவே விளங்கிய பத்மினி டாக்சிகளுங்கூட 2023 அக்டோபர் இறுதியோடு சாலையை விட்டு விடைபெற்றுவிட்டன. ஆயினும் நம் தாயார் அவ்வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தே நாற்பது ஆண்டுக் குடும்ப வாழ்வின் பாதியைக் கழித்தவர். அவர் உள்ளவரை வண்டியும் இருக்கட்டும் என்று நாம் முடிவு செய்தோம். அந்த முடிவினால் வந்த ஒரு சங்கடத்தையும், அதனைத் தீர்க்கப் போய் நேர இருந்த பெரிய ஆபத்தையும், இத்தகைய பழைய வண்டிகளை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றெண்ணி எழுதுகின்றோம்.

2024ஆம் ஆண்டு மே மாதம். அக்கினி நட்சத்திரம் சுட்டெரித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பழவேற்காட்டிலுள்ள உறவினர் இல்லத்து நிச்சயதார்த்தத்திற்குப் புறப்பட்டோம். முன்னிருக்கையில் மூத்த மகனும் நாமும். பின்னே துணைவியாரும், எண்பத்தொரு வயதுடைய தாயாரும். நம் பகுதிச் சாலைகளை அறிந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நிற்க, நடுவே நம் வண்டி ஆமைபோல் ஊர்ந்தது. மீஞ்சூரை நெருங்குகையில் என்ஜின் இருமுறை இருமியது, பின் நின்றேவிட்டது. செல்பை எத்தனை முறை சுழற்றினாலும் பயனில்லை. இருபுறமும் லாரிகள் வெப்பத்தைக் கக்கின. தாயாரின் முகம் சிவந்து, பின் வெளுக்கத் தொடங்கியது. துணைவியார் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் தலையில் நீரை ஊற்றினார். லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, பானட்டைத் திறந்து ஒரு முறை நோக்கிவிட்டு, “பம்பு சூடாகிவிட்டது ஐயா, ஈரத்துணி போடுங்கள்” என்றார். துணைவியாரின் துண்டை நனைத்துப் போட்டோம். அரைமணி கழித்து வண்டி ஒன்றும் நடவாததுபோல் புறப்பட்டது. நிச்சயதார்த்தம் நாம் சென்றடைவதற்குள் முடிந்திருந்தது. அதைப்பற்றிக் கவலையில்லை, தாயாருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் என்ற எண்ணமே அன்றிரவு உறங்கவிடவில்லை.

ஈரத்துணியால் ஏன் வண்டி ஓடியது? இதனை அறிய மணலிக்காரர் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. 1965இல் உருவாகி 1969இல் இயங்கத் தொடங்கிய சென்னைச் சுத்திகரிப்பு ஆலை, கச்சா எண்ணெயைக் காய்ச்சி, முதலில் ஆவியாகும் இலேசான பொருள்களையும் பின்னர் ஆவியாகும் கனமானவற்றையும் வெவ்வேறாகப் பிரிக்கின்றது. பெட்ரோல் அவற்றுள் இலேசானவற்றைச் சேர்ந்தது. அதுவும் ஒரே பொருளன்று, பல திரவங்களின் கலவை. அவற்றுள் சில 40 டிகிரிக்கு முன்பின்னாகவே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆலையின் கோபுரத்தில் நடக்க வேண்டியது நம் பானட்டுக்குள் நடந்தால் அதுவே தொல்லை. ஆங்கிலேயர் இதற்கிட்ட பெயர் ‘வேப்பர் லாக்’. நம் மெக்கானிக்குகளில் பலர் ‘ஏர் லாக்’ என்றே சொல்லுவர்.

இத்தொல்லையில் பழைய பம்புக்கும் பங்குண்டு. பத்மினியின் பெட்ரோல் டாங்கி வண்டியின் பின்புறத்தில். பம்போ முன்புறத்தில், என்ஜினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது. என்ஜினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ள, அது டயாப்ரம் என்னும் ரப்பர்த் துணித் தகட்டை இழுக்க, பின்னாலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகின்றது. பின் ஒரு சுருள்வில் அத்தகட்டைத் தள்ளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்புகின்றது. உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் விரைவில் கொதிக்கும். உதகமண்டலத்தின் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியை எட்டு முன்னரே கொதித்துவிடுவது இதனாலன்றோ? ஆக, கொதிக்கும் என்ஜினின் விலாவில் அமர்ந்து உறிஞ்சும் பம்பு, சூட்டையும் உறிஞ்சலையும் ஒருங்கே சேர்த்துப் பெட்ரோலை ஆவியாக்கிவிடுகின்றது. அதன்பின், இளநீர் தீர்ந்தபிறகும் குழலை விடாது உறிஞ்சும் சிறுவனைப் போல, வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும்.

திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் தந்தையார் காலந்தொட்டு நம் வண்டியைப் பார்த்து வருபவர். அனைவரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம். அவரிடம் வண்டியை விட்டோம். அவர் பம்பைத் தொடவில்லை. முதலில் என்ஜின் ஆயில் பார்க்கும் கோலை இழுத்து, நுனியை மூக்கருகே கொண்டுசென்றார்.

“சார், ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. அளவும் ஏறியிருக்கிறது. டயாப்ரம் கிழிந்து, பெட்ரோல் கீழே சம்புக்குள் இறங்குகிறது.”

ஆயிலில் பெட்ரோல் கலந்தால் அது நீர்த்துப் போகும், பேரிங்குகள் தேயும். நல்லவேளையாக அந்நிலை வருமுன் கண்டுகொண்டார். ஆயிலை மாற்றி, புதுப்பேட்டையில் கிடைத்த டயாப்ரம் ஒன்றைப் பொருத்தினார். அது எட்டு மாதங்கூடத் தாங்கவில்லை. 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்குப் படிப்படியாக வரத் தொடங்கிற்றல்லவா? பழைய வண்டிகளுக்கென்று செய்த ரப்பரில் பல எத்தனாலைத் தாங்கா. சில ஊதிப்போகும், சில விறைத்து வெடிக்கும். எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் குணமும் உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கிக்கு அதுவும் பகை. கரும்பு உழவனுக்கு அதனால் நன்மை என்பதை நாம் மறுக்கவில்லை. நம் வண்டியின் டயாப்ரத்துக்குத்தான் நன்மை இல்லை.

இந்நிலையில் மின்சார டிப்ளமா படித்த நம் மகன், “அப்பா, எலெக்ட்ரிக் பம்பு போட்டுவிடுவோம். டாங்கிக்கு அருகிலேயே வைத்தால் அது உறிஞ்சாது, தள்ளும். தள்ளினால் அழுத்தம் ஏறுமே தவிரக் குறையாது. ஆவி அடைப்பே வராது” என்றான். அவன் சொன்னது சரியே. அது புதுமையும் அன்று. இந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி இந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்ற மோரிஸ் மைனர் காரில் எஸ்.யு. என்னும் மின்சாரப் பம்பே அமைந்திருந்தது. சாவியைத் திருப்பியதும் அது ‘டக், டக்’ என்று அடிப்பதைக் கேட்டு வளர்ந்தவர் நம்மிடையே இன்னும் உளர். அதற்கும் முந்திய போர்டு ‘டி’ மாடல் வண்டிக்கோ பம்பே கிடையாது. பெட்ரோல் தானாகவே கீழிறங்கி என்ஜினைச் சேரும். டாங்கியில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டை அவ்வண்டி பின்னோக்கித்தான் ஏற வேண்டும் என்பர். அந்த வேடிக்கையைக் கேட்டுத் தாயார் சிரித்தார்.

மகன் நகரிலுள்ள உதிரிபாகக் கடை ஒன்றில் ஒரு பம்பு வாங்கி வந்தான். விலை 1,500 ரூபாய்க்குள்ளேதான். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு ஞாயிறு பிற்பகலில் டாங்கிக்கு அருகே அதனைப் பொருத்தி, சாவியிலிருந்து நேராக ஒரு கம்பி இழுத்துவிட்டான். பழைய பம்பைக் கழற்றவில்லை; பெட்ரோல் அதன் வழியாகவே சென்றது. “இருந்துவிட்டுப் போகட்டும், அது பழுதானால் இது, இது பழுதானால் அது” என்றான். நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பாயிடம் கேட்கவில்லை. சிறு வேலைக்கு அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எண்ணினோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், மகன் தானாகச் செய்த வேலையில் ஒரு பெருமை இருந்தது. நமக்கும் அதில் பங்கிருந்தது.

மூன்று வாரம் வண்டி பறந்தது. நான்காம் வாரத்தில் ஒரு மாலை, கண் மருத்துவரிடம் தாயாரைக் காட்டிவிட்டுத் திரும்பினோம். வாயிலருகே வந்ததும் என்ஜின் தானாக நின்றது. மகன் சாவியை அணைக்காமல், கதவைத் திறக்க இறங்கிச் சென்றான். நாமும் இறங்கி வீட்டுத் திறவுகோலைத் தேடிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையிலிருந்து தாயார், “என்னப்பா, பங்க்கில் நிற்கிற மாதிரி வாடை வருகிறதே” என்றார்.

அப்போதுதான் அந்த ஒலி நம் செவியில் விழுந்தது. பம்பு வழக்கமான நிதானத்தை விட்டு, தையல் இயந்திரம்போல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பானட்டைத் திறந்த மகன் ஒரு கணம் அசைவற்று நின்றான். கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, பெட்ரோல் சூடான என்ஜின் மீது ஓடிக்கொண்டிருந்தது. அவன் பாய்ந்து சென்று சாவியைத் திருகினான். நாம் தாயாரை ஏறக்குறையத் தூக்கியே இறக்கினோம். அந்நேரம் பார்த்து, என்ன நேர்ந்தது என்று உதவ ஓடிவந்தார் தெருமுனைக் கடைக்காரர், விரலிடுக்கில் புகையும் பீடியோடு. “வராதீர்கள்! அங்கேயே நில்லுங்கள்!” என்று நாம் கூவிய கூவலில் தெருவே எழுந்து வந்துவிட்டது. அவர் பீடியைப் போட்டு மிதித்தார். வாளி வாளியாக மணலை எடுத்து வந்து தரையில் பரப்பினார்கள். தீப்பற்றவில்லை. ஆலைகளின் பக்கம் வானம் வழக்கம்போல் செந்நிறமாக இருந்தது. மகன் திண்ணையில் அமர்ந்து தன் கைகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இருக்கவுமில்லை.

மறுநாள் பாய் வீட்டுக்கே வந்தார். குனிந்து கீழே பார்த்தார். பம்பின் மேல் ஒட்டியிருந்த தாளைத் துடைத்துப் படித்தார்.

“ஏழு பவுண்டு வரை தள்ளும் பம்பு, சார். உங்கள் கார்புரேட்டருக்கு மூன்று பவுண்டே அதிகம்.”

கார்புரேட்டரின் மிதவை அறையில் சிறு ஊசி வால்வு ஒன்று உண்டு. அறை நிரம்பியதும் மிதவை மேலெழுந்து ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். அதன் வலிமை சிறிது. சதுர அங்குலத்துக்கு 2 முதல் 3 பவுண்டு வரையுள்ள அழுத்தத்துக்கு அது ஈடுகொடுக்கும்; அதற்கு மிஞ்சினால், அல்லது ஊசியின் முனையில் ஒரு தூசி சிக்கினால், திறந்தேவிடும். இக்காலத்து இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்புகள் 40 பவுண்டுக்கும் மேல் தள்ளுபவை; அவற்றைப் பழைய வண்டியில் பொருத்துவது சொல்லவே வேண்டாம்.

அதைவிட முக்கியமாக அவர் சொன்னது வேறு. “பழைய பம்பு என்ஜினோடு கூடப் பிறந்தது, சார். என்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். வண்டி மோதினாலும், கவிழ்ந்தாலும், யாரும் சொல்லாமலே நிற்கும். இது வேறு வீட்டுப் பிள்ளை. என்ஜின் செத்தது இதற்குத் தெரியாது. சாவி திறந்திருந்தால் அடித்துக்கொண்டே இருக்கும். குழாய் அறுந்தால் தெருவில் ஊற்றும்.”

நாற்பது ஆண்டுகளாக நாம் குறை சொல்லி வந்த அப்பழைய பம்புக்கு இப்படி ஒரு குணம் இருந்தது என்பதை அன்றுவரை நாம் நினைத்துப் பார்த்ததில்லை.

பழைய பம்பை வழியிலேயே விட்டிருந்ததையும் அவர் ஏற்கவில்லை. அதன் டயாப்ரம் கிழிந்தால், பின்னாலிருந்து தள்ளும் மின்சாரப் பம்பு டாங்கியிலுள்ள பெட்ரோல் முழுவதையும் அக்கிழிசல் வழியே சம்புக்குள் இறக்கிவிடும். இரண்டு பம்பு இருந்தால் இரட்டைக் காவல் என்று எண்ணிய நம் யோசனையின் தரம் இதுதான்.

பாயும் மகனும் இரண்டு நாள் சேர்ந்து வேலை செய்தார்கள். மகன் கம்பிகளைப் பார்த்தான். பாய் குழாய்களைப் பார்த்தார். பழைய பம்பைக் கழற்றி, அது இருந்த துளையை ஒரு தகட்டாலும் பேக்கிங்காலும் அடைத்தார்கள். அடைக்காவிடில் ஆயில் பீறிட்டு வெளியேறும். மூன்று பவுண்டுக்கு மிகாத பம்பு ஒன்று வந்தது. அதற்கு முன்னால் ஒரு பில்டர். எத்தனாலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்கள், ஒவ்வொரு முனையிலும் கிளிப்பு. சைலன்சர்க் குழாயை ஒட்டிச் சென்ற பெட்ரோல் குழாயை ஒரு சாண் தள்ளி மறுபுறமாகக் கொண்டுசென்றார்கள். ஊசி வால்வும் புதிதாயிற்று.

பம்பை எங்கே வைப்பது என்பதில் நீண்ட வாதம் நடந்தது. டாங்கிக்கு அருகில், தாழ்வாக இருந்தால்தான் அது நன்றாகத் தள்ளும். ஆனால் நம் புதுநகர் தாழ்ந்த நிலம். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் அது நம் தெருக்களைத் தேடி வரும். 2015லும் 2021லும் 2023லும் வந்தது. தரையை ஒட்டிப் பம்பை வைத்தால் மழைக்காலத்தில் மீன் பிடிக்கத்தான் உதவும் என்றார் பாய். கடைசியில் டாங்கியின் பக்கவாட்டில், டிக்கியின் தளத்துக்குச் சற்றுக் கீழே, அடிச்சட்டத்தின் உட்புறமாக ஓர் இடம் கண்டார்கள். கல் தெறிக்காது, அச்சு ஏறி இறங்கும்போது இடிக்காது.

கம்பி வேலைதான் உயிரான வேலை. சாவியிலிருந்து நேராகப் பம்புக்கு மின்சாரம் செல்லாது. நடுவே ஒரு ரிலேயும், அதற்கு முன் ஒரு பியூஸும் வைக்கப்பட்டன. என்ஜின் ஓடும்போது மட்டுமே அதனுள் ஆயில் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தை அறியும் ஸ்விட்ச் ஒன்றின் வழியாகவே பம்புக்கு மின்சாரம் செல்லும். என்ஜின் நின்றால் அழுத்தம் விழும், பம்பும் நிற்கும். ‘அப்படியாயின் வண்டியைக் கிளப்புவது எவ்வாறு? என்ஜின் ஓடினால்தான் பம்பு, பம்பு ஓடினால்தான் என்ஜின் என்றாகிவிடாதோ?’ என்று வாசக அன்பர்கள் கேட்கலாம், நாமும் கேட்டோம். செல்ப் சுழலும் நேரத்தில் மட்டும் அந்தக் கம்பியிலிருந்தே பம்புக்கும் மின்சாரம் கிடைக்குமாறு மகன் அமைத்தான். இதனோடு, வண்டி எதன்மீதாவது மோதினால் அதிர்ச்சியில் தானே துண்டித்துக்கொள்ளும் ஸ்விட்ச் ஒன்று டாஷ் போர்டின் கீழ் அமர்ந்தது. வேலை முடிந்ததும் பாய் ஒரு சோதனை வைத்தார். ஓடும் என்ஜினை, சாவியைத் தொடாமல், கியரில் போட்டுக் கிளட்சை விட்டு நிறுத்தச் செய்தார். ஓரிரு வினாடி ‘டக் டக்’, பின் அமைதி. அவர் மகனின் தோளில் தட்டினார்.

வேறு வண்டி வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. மோரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கில வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய பம்புகளில் பெரும்பாலானவை அதற்கு நேர்மாறான அமைப்புக்குச் செய்தவை. பாராது இணைத்தால் பம்பு கருகும். மேலும், குழாயைத் தள்ளி வைத்து, நல்ல டயாப்ரம் போட்ட பின் தொல்லையின்றி ஓடும் வண்டிக்கு மின்சாரப் பம்பு எதற்கு? ஓடுகின்ற பழைய பம்பைக் கழற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. நம் வண்டிக்கு அது தவிர்க்க முடியாததாயிற்று, அவ்வளவே. ஆனால் தீயணைக்கும் சிறு பவுடர் சிலிண்டர் ஒன்று, எந்தப் பம்பாயினும், முன்னிருக்கையின் கீழ் இருக்கட்டும். நாம் அதனை அந்த மாலைக்குப் பின்னரே வாங்கினோம்.

கழற்றிய பம்பை மகன் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, தந்தையாரின் பழைய கருவிப் பெட்டியில் வைத்திருக்கின்றான்.

சென்ற மழைக்காலத்துக்கு முன், வெயில் இன்னும் தணியாத ஒரு நாளில், மீண்டும் பழவேற்காட்டுக்குச் சென்றோம். அன்று நிச்சயமான பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மீஞ்சூருக்கு முன் அதே லாரிகள், அதே நெரிசல், அதே முக்கால் மணி நேரம். என்ஜின் இருமவில்லை. தாயார் மட்டும் அமைதியற்றிருந்தார். “உன் அப்பா வண்டியில் இந்தச் சத்தம் கிடையாது” என்று இருமுறை சொன்னார். பழவேற்காட்டில் உறவினர் வீட்டு வாயிலில் வண்டி நின்றதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடிவந்து கதவைத் திறந்தார்கள். தாயார் இறங்கவில்லை. கையை உயர்த்தி அவர்களைப் பேசாதிருக்கச் செய்து, தலையைச் சற்றே பின்பக்கமாகச் சாய்த்துக் காது கொடுத்தார். பின்புறம் ‘டக்’ என்று ஒரு முறை அடித்து ஓய்ந்தது. அதன் பின்னரே அவர் காலைத் தரையில் வைத்துக் குழந்தைக்காகக் கையை நீட்டினார்.